அறுபது கிலோ மாப்பிள்ளை

போன வாரம் காலை நடை முடிந்து விளாங்குடி டீக்கடையில் நம்ம செட்டு உட்கார்ந்திருந்தபோது, உங்களில் ஒருத்தர் செல்போனில் ஒரு குத்துச்சண்டையை ஓட்டினீர்கள். மதுரைக்காரர்களுக்குச் சொல்லவா வேணும்? டீ ஆறுவதற்குள் பட்டிமன்றம் கூடிவிட்டது. குத்துச்சண்டைக்காரனுக்கு வேகம் முக்கியமா, அடியில் வலு முக்கியமா? "முந்தினவன் கையில் மந்திரவாள்" என்றது ஒரு கட்சி. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்றது மறு கட்சி. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வந்திருந்த ஆளெல்லாம் கையை மடக்கிக் காற்றைக் குத்தியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னைக் கேட்டீர்கள். "எங்க வீட்டுல இந்த வழக்கு தீர்ந்து ரொம்ப வருசம் ஆச்சு, எழுதியே தாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாக்குக்காகத்தான் இது.

அப்போது நான் நாலாம் வகுப்பு. தை மாதத்தில் என் சின்ன அத்தைக்குக் கல்யாணம். அப்பாவின் ஒரே தங்கச்சி. பெற்றவர்கள் முன்னாலேயே போய்விட்டதால் அப்பாதான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். சமயநல்லூர்ப் பக்கம் ஒரு அரிசி மில்லில் அவருக்கு எடை போடுகிற வேலை. மூட்டையை ஒரு தட்டுத் தட்டினாலே எவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிடுவார். அவர் சட்டையை உதறினால் தவிடு பறக்கும். அவருக்கென்று ஒரு வேதம் இருந்தது: "மூட்டை குறைஞ்சா பாவம், கூடுனா புண்ணியம்." இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் சிக்கலே இதில்தான் இருக்கிறது.

அத்தையைக் கட்டிய மாமா டவுனில் ஒரு லேத்துப் பட்டறையில் தினக்கூலி. சாயங்காலமானால் ஆற்றங்கரையோரம் ஒரு தகரக் கொட்டகையில் குத்துச்சண்டைப் பழக்கம். ஆள் பார்க்க ஒல்லி, ஆனால் வலது கை இறங்கினால் எதிராளி எழுந்திருக்க நேரமாகும். கொட்டகையில் எல்லோரும் அவரை 'இடி' என்றுதான் கூப்பிடுவார்களாம். பங்குனியில் ஒரு போட்டி வருகிறது, அதில் ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம், மாநிலத்துக்குப் போன பையன்களுக்கு விளையாட்டுக் கோட்டாவில் அரசாங்க வேலை கிடைக்கிறது என்று கொட்டகை மாஸ்டர் சொன்னதை நம்பித்தான் அப்பா பெண் கொடுத்தார். "தினக்கூலிக்காரனுக்கா குடுக்குற?" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "பங்குனி வரைக்கும் பொறுங்கப்பா" என்றார். தங்கச்சியின் வாழ்க்கையையே அந்தப் பங்குனியில் கொண்டுபோய் வைத்துவிட்டார் மனுசன்.

கல்யாணத்துக்கு மாஸ்டர் வந்திருந்தார். கழுத்தில் விசில் கயிற்றோடு கல்யாணத்துக்கு வந்த ஒரே ஆள். சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் அப்பாவிடம் சொன்னார்: "அண்ணே, பய அறுபது கிலோ பிரிவு. எடை விசயத்தை மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

யாரிடம் சொல்கிறோம் என்று மாஸ்டருக்குத் தெரியாது. எடையைப் பாத்துக்கங்க என்று எங்கப்பாவிடமா சொல்வது!

மறுவாரமே அப்பா மாமாவை மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போய் மூட்டைத் தராசில் ஏற்றிவிட்டார். நானும் போயிருந்தேன். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, புது மாப்பிள்ளை வேட்டியோடு, நெல்மூட்டை நிற்கிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா குண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். முள் அறுபதுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது. அப்பாவின் முகம் சுருங்கிப்போனது.

"குறையுதே மாப்ள."

"அப்படித்தான் மச்சான் இருக்கணும்" என்று மாமா மெதுவாகச் சொன்னார்.

"நீங்க சும்மா இருங்க. அறுபதுன்னு சொல்லிப்புட்டு ஒரு பிடி குறைச்சுக் கொடுத்தாலும் நம்ம பேரு கெட்டுரும்."

மாமா இன்னொரு தடவை வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் பெண் எடுத்த வீட்டில் புது மாப்பிள்ளைக்கு ஏது வாய்? பாசத்தில் சொல்கிறவரைத் திருத்தினால் அவமரியாதை ஆகிவிடும், ஓடிக் குறைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். இதை அவரே பின்னால் சொன்னது. அப்பாவோ அன்று சாயங்காலமே சொந்தபந்தம் எல்லாருக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்: மாப்பிள்ளைக்கு எடை பத்தலை, விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் கை தாராளமாக இருக்கட்டும்.

நம்ம பக்கத்துப் புதுமணத் தம்பதி விருந்து உங்களுக்குத் தெரியாததா? வீட்டுக்கு ஒரு விருந்து. அதிலே இன்னொரு வழக்கம், கட்டினதுகள் இரண்டும் தனியாகப் போகக்கூடாது, கண்ணு படும். நடுவில் ஒரு பிள்ளை போகணும். அந்தப் பிள்ளை நான். சனி ஞாயிறு ஆனால் பூப்போட்ட கவுனும் ரெட்டைச் சடையுமாக, பஸ்ஸில் அத்தைக்கும் மாமாவுக்கும் மத்தியில் உட்கார்ந்திருப்பேன். ஒரு பக்கம் புதுச்சேலைக் கஞ்சி வாசமும் மல்லிகையும், மறுபக்கம் லேத்துப் பட்டறை எண்ணெய் வாசம். மாமா திரும்பி வரும்போது கொட்டகைக்குப் போகவேண்டும் என்பதால் கையுறைகளையும் ஒரு மஞ்சப்பையில் எடுத்துவருவார். பழுப்புத் தோல், உள்ளே என்னத்தையோ திணித்துத் தைத்தது, பலபேர் வேர்வை குடித்த வாசம். கல்யாணமாகி வந்த முதல் நாள் அதைப் பார்த்து அத்தை, "இது என்னங்க, தலகாணியா?" என்று கேட்டாளாம். எனக்கு நிஜமாகவே தலகாணிதான். விருந்துச் சோறு உண்ட மயக்கத்தில் அதன்மேல் தலை வைத்துத்தான் ஊர் வந்து சேர்வேன்.

அந்த மாசி மாதத்தை நாக்கு இன்னும் மறக்கவில்லை. ஒரு வீட்டில் அயிரை மீன் குழம்பு, ஒரு வீட்டில் கோலா உருண்டை, ஒரு வீட்டில் நாட்டுக்கோழி, ஒரு வீட்டில் ஈரலும் குடலும். அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து, "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான்" என்று முணுமுணுப்பாள். "அது சும்மா வந்தவனுக்கு. மாப்பிள்ளைக்கு இல்ல" என்பார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது என்னிடம் கணக்குக் கேட்பார்: "மாமா நல்லாச் சாப்பிட்டாரா?" ஆமா என்பேன். தவிட்டுச் சட்டையோடு சிரிப்பார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

எல்லா விருந்தையும் தூக்கிச் சாப்பிட்டது கீழக்குயில்குடி விருந்துதான். அங்கே அம்மாவுக்கு அக்கா, என் பெரியம்மா. சமணமலைக்குக் கீழே, தாமரைக்குளத்துக்குப் பக்கத்தில் வீடு. பெரியம்மாவுக்கு ஊருக்குள் ஒரு பெயர் உண்டு: அவள் பரிமாறி எவரும் இலையைக் காலி செய்து எழுந்ததில்லை. "இலையில இடம் தெரிஞ்சா வீட்டுல குறை தெரியும்" என்பது அவள் வாக்கு.

அன்று நடந்ததுதான் நான் பார்த்த முதல் குத்துச்சண்டை. மாமா போதும் என்று இரண்டு கையையும் இலைக்கு மேலே குடை மாதிரி பிடித்தார். பெரியம்மா கறிக்கரண்டியை இடது பக்கமாகக் கொண்டுவந்தாள். மாமாவின் கை இடது பக்கம் போனது. அவ்வளவுதான், கரண்டி வலது பக்கம் இறங்கிவிட்டது. மாமா வலது பக்கத்தை மூடினார். இடது பக்கம் சோறு விழுந்தது. "அட போதும்க்கா!" என்று முகத்தைத் தூக்கிக் கெஞ்சினார்; கெஞ்சுகிற அந்த நேரத்தில் நடு இலையில் குழம்பு. குழம்பு கையில் பட்டுவிடுமோ என்று கையை எடுத்தால் ரசத்துக்கு முன்னால் இன்னொரு தரம் சோறு.

"என்னமோ இடின்னாய்ங்க" என்றாள் பெரியம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஒரு கரண்டியத் தடுக்க முடியல, நீ என்னத்தய்யா சண்டை போடப் போற?"

பந்தியே சிரித்தது. அத்தை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

சாப்பிட்ட கையோடு மாமா மலைமேல் ஓடினார். பாறையில் வெட்டிய படிகளில் அவர் ஏறுவதும் இறங்குவதும் குளத்துக் கரையிலிருந்து எங்களுக்குத் தெரிந்தது. வெயிலில் பாறை தகதகவென்று கிடந்தது. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே வந்து மரத்தடியில் சாய்ந்தார். அங்கே ஒரு சொம்போடு பெரியம்மா நின்றுகொண்டிருந்தாள். "ஓடி ஓடிக் களைச்சுப் போயிட்டியேய்யா. இந்தா, கருப்பட்டி போட்ட பருத்திப்பால்."

திரும்புகிற பஸ்ஸில் அத்தை என் தலைக்கு மேலாக மாமாவிடம் மெதுவாகப் பேசினாள். நான் தூங்குவதாக நினைப்பு.

"நீங்க கரண்டியைப் பாக்குறீங்க. அதான் ஏமாந்து போறீங்க."

"வேற எதைப் பாக்கறது?"

"தோளைப் பாருங்க. அந்தக்காவுக்குச் சோறு போடுற பக்கம் தோள் முன்னாடியே சாயும். நான் சின்னப் பிள்ளையில இருந்து அவுக பந்தியில உக்காந்துருக்கேன்ல."

மாமா தன் தோளை ஒரு தடவை சாய்த்துப் பார்த்துக்கொண்டார். அப்புறம், "இதையேதான் மாஸ்டரும் கத்துறாரு. எனக்கு இன்னைக்குத்தான் புரியுது" என்றார்.

அடுத்த விருந்துகளில் மாமா கெட்டிக்காரர் ஆகிவிட்டார். பரிமாறுகிறவர்கள் தோள் அசையும்போதே அவர் கை போய் இலையை மூடிவிடும். தம்பதிக்குள் இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது; மூடிவிட்டு அத்தையை ஓரக்கண்ணால் பார்ப்பார், அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். ஆனால் மாசியும் முடியப் போகிறது. உள்ளே போனது போனதுதானே? மில் தராசு மறுபடியும் ஆடியபோது அப்பா கையைத் தட்டினார். "நிறைஞ்சு நிக்குது மாப்ள! ஒருத்தன் குறை சொல்ல முடியாது!" கொட்டகையில் தராசு கிடையாது; மூட்டைத் தராசு கூடுதலாகத்தான் காட்டும் என்று மாமா தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

பங்குனியில் போட்டி. டவுன் மைதானத்தில் பந்தல், நடுவில் கயிறு கட்டிய மேடை. குடும்பத்தோடு போயிருந்தோம். காலையிலேயே எடை பார்க்கிறார்கள். மாமா சட்டையைக் கழற்றி ஏறினார். முள்ளைப் பார்த்த மாஸ்டருக்கு விசில் வாயிலிருந்து விழுந்தது.

அப்பா அவர் முதுகில் தட்டினார். "எப்படி மாஸ்டர்? சொன்ன எடைக்கு மேலயே நிக்குதா? கூடவே போட்டு அனுப்பிருக்கோம்!"

"அண்ணே" என்றார் மாஸ்டர். அவருக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. "அறுபதுக்குள்ள இருக்கணும்ணே. கூடக் கூடாது. ஒரு பிடி கூடினாலும் இறக்கி விட்டுருவாய்ங்க."

அப்பா அதைப் புரிந்துகொண்ட நொடி எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். "யாத்தே, நானே கெடுத்துப்புட்டேனே. என் தங்கச்சி சோத்துல நானே மண்ணைப் போட்டேனே."

எடை பார்க்கிற நேரம் முடிய இன்னும் கொஞ்சம் பொழுது இருந்தது. யாரோ ஒரு கம்பளிச் சட்டை கொடுத்தார்கள். பங்குனி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு மாமா மைதானத்தைச் சுற்றி ஓடினார். அத்தை எங்கிருந்தோ கொஞ்சம் புளி வாங்கிவந்து அவர் வாயில் அடக்கிவிட்டாள், எச்சில் ஊறித் துப்பினால் அதுவும் குறையுமே என்று. அப்பா கூடவே ஓடினார், தானும் வேர்த்தால் மாப்பிள்ளைக்குக் குறையும் என்பதுபோல. முள் இறங்கியது; போதுமான அளவுக்கு இறங்கவில்லை. அடுத்த பிரிவில் நம்ம கொட்டகைப் பையன் ஒருத்தன் காய்ச்சலில் வரவில்லை, அந்த இடம் காலி. மாஸ்டர் யார் யாரிடமோ போய்ப் பேசி அதில் மாமாவை ஏற்றினார்.

அங்கே எதிராளி யார் என்று பார்த்தால், சரக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர். கழுத்தும் தோளும் ஒன்றாக இருந்தது. மற்றவர்களுக்கு அவர் ஒரு தடியன், அவ்வளவுதான். மூட்டை தூக்குகிறவன் முதுகில் என்ன இருக்கும் என்று அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் வாயில் முருகா முருகா என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை.

சாயங்காலம் மணி அடித்தது. முதல் சுற்றில் மாமா நேராகப் போய் வலது கையை இறக்கினார். தகரக் கொட்டகையில் ஆளைச் சாய்த்த அதே இடி. அந்த ஆள் கண்ணைச் சிமிட்டினார், அவ்வளவுதான். மறுபடியும் இறக்கினார். சுவரில் குத்தின மாதிரி மாமாவின் கைதான் திரும்பி வந்தது. அப்புறம் மூட்டைக்காரர் இரண்டு கொடுத்தார். மாமாவின் மூக்கில் ரத்தம்.

"ஓங்கிக் குத்து மாப்ள! ஓங்கி!" என்று அப்பா ஒரு பக்கம்.

"காலை நகத்துடா! நிக்காத, நகரு!" என்று மாஸ்டர் மறுபக்கம்.

நடுவில் மாமா இரண்டையும் கேட்டு இரண்டையும் செய்யாமல் அடி வாங்கிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவன், "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு வளத்துருக்காய்ங்கப்பா" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொன்னான். எங்கள் குடும்பத்துக்கு அது நெஞ்சில் தைத்தது.

இரண்டாவது சுற்று தொடங்கிக் கொஞ்ச நேரம் இருக்கும். கல்யாணமாகி அன்றுவரை நாலு பேர் முன்னால் வாயே திறக்காத அத்தை, நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள்.

"இலையை மூடுங்க! என்னங்க, இலையை மூடுங்க! தோளைப் பாருங்க!"

மைதானம் முழுக்கச் சிரிப்பு. "ஏம்மா, இங்க என்ன பந்தியா நடக்குது?"

மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ரத்தத்தோடு அவர் உதடு சிரித்ததை நான் பார்த்தேன். இரண்டு கையும் முகத்துக்கு முன்னால் குடையாக வந்தது. மூட்டைக்காரரின் வலது தோள் சாய்ந்தது. குத்து வருவதற்குள் மாமா அங்கே இல்லை. இடது தோள் சாய்ந்தது. மாமாவின் கை வந்து மூடிவிட்டது. அந்த ஆள் காற்றையும் கையுறையையும் மாற்றி மாற்றிக் குத்தினார். அப்புறம் மாமா ஒன்று செய்தார் பாருங்கள், கீழக்குயில்குடிப் பெரியம்மாவே நேரில் வந்த மாதிரி. இடது கையைக் காட்டினார். அந்த ஆள் இடது பக்கத்தை மூடினார். வலது பக்கம் ஒன்று விழுந்தது. வலது பக்கத்தை மூடினார், இடது பக்கம் விழுந்தது. ஒன்றுகூட இடி இல்லை. எல்லாம் தொட்டுத் தொட்டு வைத்த குத்து. "அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்" என்று அம்மா என் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசிச் சுற்றில் அந்த ஆள் வேகமாக முன்னால் வந்தார். வந்த வேகத்தில் மாமாவின் வலது கையில் தானே வந்து மோதினார். முட்டி மடங்கி ஒரு நொடி கயிற்றைப் பிடித்தார். இலையில் குழம்பு விழுந்ததும் மாமா முழித்தாரே, அதே முழி.

மணி அடித்தது. அந்த ஆள் நிற்கிறார், மாமாவும் நிற்கிறார், மாமாவின் மூக்கில்தான் ரத்தம். அப்பா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, "வாங்கம்மா, போவோம்" என்று எழுந்துவிட்டார். நடுவர் மாமாவின் கையைத் தூக்கியதை அவர் பார்க்கவேயில்லை. நான்தான் துண்டை இழுத்தேன்.

"அந்த ஆளு விழவே இல்லையேய்யா" என்றார் நம்பாமல். "எப்படி ஜெயிச்சோம்?"

"புள்ளிக் கணக்குண்ணே. விழுந்தாத்தான்னு இல்ல, எத்தனை குத்து பட்டுச்சுன்னு பாப்பாய்ங்க" என்றார் மாஸ்டர். அப்புறம் குரலை இறக்கி, "அது சரி, அந்த இலையை மூடறது எந்த ஊரு வித்தைண்ணே? நானும் கொட்டகையில சொல்லிக் கொடுக்கணும்" என்றார்.

மாநிலப் போட்டியில் மாமா முதல் சண்டையிலேயே தோற்றுவிட்டார். ஆனால் போனதே போதும் என்று வேலை வந்தது. அதையும் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்துதான் வாங்கினார்கள். மூட்டைக்காரர் பின்னாளில் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வந்தார், பந்தியில் அவரோடு போட்டிபோட ஆள் கிடையாது. அப்பா மில்லில் கடைசிவரை எடை போட்டார். அந்தப் பங்குனிக்கப்புறம், கூடுனா புண்ணியம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. பாசத்தையும் அளந்துதான் போடவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அதை அவர் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன். கையுறைகள் அத்தையின் மூத்த பிள்ளைக்குத் தலகாணியாக இருந்து, எந்த வீடு மாறும்போது போனதென்றே தெரியாமல் போய்விட்டது.

நீங்கள் கேட்ட கேள்விக்காகப் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா வீட்டுக்கே போனேன். ஆளுக்கு இப்போது சர்க்கரை. அத்தை அளந்துதான் போடுகிறாள். தட்டில் இரண்டு இட்லி, பக்கத்தில் மூடிய இட்லிச் சட்டி. நான் கேட்டேன்: "மாமா, வேகமா வலுவா? எங்க செட்டுல பெரிய சண்டை. நீங்கதான் தீர்ப்பு சொல்லணும்."

மாமா என் முகத்தைப் பார்த்தே யோசித்தார். "கேளு தாயீ. வலுங்கிறது..." என்று இடது கையை ஆட்டி ஏதோ விளக்க ஆரம்பித்தார். ஆட்டுகிற கையை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவருடைய வலது கை சட்டியை நோக்கிப் போயிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

தேங்காய்ச் சட்னிக்குத் தாளித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற அத்தைக்கு எப்படித் தெரிந்ததோ. திரும்பினாள், சட்டி மூடியின்மேல் அவள் உள்ளங்கை உட்கார்ந்திருந்தது.

"தோளு சாஞ்சுச்சு" என்றாள்.

மாமா கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், அன்றைக்கு மேடையில் சிரித்த அதே சிரிப்பு. "எத்தனையோ பேரை ஜெயிச்சுட்டேன் தாயீ. இந்தக் கையை மட்டும் இன்னும் முடியல."